ஐந்து கயிற்றுப் பாட்டு வகுப்பு

ரெங்கம்
ஜொகூர், மலேசியா
2 பிப்ரவரி 2025

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாயே, கை நன்றாகத்தான் இருக்கிறது. அபிகெயிலுக்கு டெங்கி, வகுப்புக்கு வரவில்லை என்று எழுதினேன். அதற்கும் கட்டை விரல். அதனால் இனிமேல் தாளில்தான் எழுதப் போகிறேன். தாளில் விரலைத் தூக்க முடியாது. நீயும் பேனாவைத் தேடு.

ஒரு செய்தி. இந்த வருஷம் ஜொகூரில் வார விடுமுறையை வெள்ளி சனியிலிருந்து சனி ஞாயிறுக்கு மாற்றினார்கள் அல்லவா? அது யாருக்கு நல்லதோ தெரியாது, நம் தலையில்தான் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த தங்கராஜு சாருக்கு இப்போது வெள்ளி வேலை நாள். அவருக்குச் சனிக்கிழமை காலை வேண்டுமாம். அதுவும் மாதா கோவில் மண்டபம்தான் வேண்டுமாம். நாம் நான்கு வருஷமாகப் பாட்டு வகுப்பு நடத்துகிற அதே மண்டபம், அதே நேரம்.

மண்டபக் கமிட்டித் தலைவர் மரியநாதன் அங்கிள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "கணக்குப் படிச்சா மார்க்கு வரும்மா. நீங்க கயிறு போட்டு விளையாடுறீங்க. அதுல என்ன வருதுன்னு மத்தவங்க கேக்குறாங்க." மற்றவர்கள் யார் என்று கேட்டேன். டீயைக் குடித்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? மே மாதம் ஜொகூர் பாருவில் சிறுவர் பாடற்குழு விழா, அதில் பார்த்துப் பாடும் சுற்று ஒன்று இருக்கிறது, முன்பின் கண்ணால் கண்டிராத பாட்டைத் திரையில் போடுவார்கள், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பாட வேண்டும், எங்கள் பிள்ளைகள் பாடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். "மொத மூணுல ஏதாச்சும் ஒரு இடம் வாங்கிட்டு வாங்கம்மா. மண்டபம் உங்களுக்குத்தான்," என்று உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் பயமாக இருக்கிறது.

இடம் வாங்காவிட்டால் வகுப்பு போச்சு. அன்றைக்கிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குள் நடக்கிறேன், தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் திரும்புகிறேன். நீ இங்கே இருந்தால் பாதிப் பயத்தை உன் தலையில் கட்டியிருப்பேன். ஒரு வருஷம்தான் சிங்கப்பூர் என்று சொன்னாய். நினைவிருக்கட்டும்.

கோபமும் அன்பும் சரிபாதியாக,
பேட்ரிசியா


யீஷூன், சிங்கப்பூர்
11 பிப்ரவரி 2025

என் அன்பு பேட்ரிசியாவுக்கு,

பேனா கிடைத்துவிட்டது. அறையில் என்னோடு தங்கியிருக்கும் நர்ஸிடம் கடன் வாங்கினேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அபிகெயிலுக்குக் கட்டை விரல் போட்டதற்கு மன்னிப்பு. ரயிலில் தொங்கிக்கொண்டே பதில் போட்டால் அப்படித்தான் ஆகிறது.

நீ வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தாடிகா பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலைமை ஆசிரியையிடம் பியானோவுக்குச் சுருதி சேர்க்க வேண்டும் என்று சண்டை போட்டவள்தானே நீ. ஆனால் பேட்ரிசியா, மே மாதத்துக்கு நாட்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன.

இங்கே நான் வேலை செய்யும் இசை நிலையத்தில் வகுப்பறைக்குக் கண்ணாடிச் சுவர். பிள்ளைகள் உள்ளே பாடுவதைப் பெற்றோர் வெளியே நின்று பார்க்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூடத் தாளைக் கொடுத்தால் கடகடவென்று பாடுகிறது. ஒருவரும் சிரிப்பதில்லை. ஒருநாள் 'திருட்டுச் சுரம்' விளையாடிப் பார்த்தேன். நான் தாளில் உள்ளதைப் பாடுவேன், நடுவில் ஒரு சுரத்தை மாற்றிவிடுவேன், திருடனைப் பிடிக்க வேண்டும் என்றேன். ஒரு பையன் கையைத் தூக்கி, இதற்குப் பரீட்சை உண்டா என்று கேட்டான். நம் யுகேந்திரனாக இருந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று "கள்ளன், கள்ளன்" என்று கத்தியிருப்பான்.

கயிற்று விளையாட்டை வீடியோ எடுத்து அனுப்பு. பார்த்து நாளாகிவிட்டது. ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான். வந்துவிடுவேன்.

உன்
கஸ்தூரி


ரெங்கம்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள கஸ்தூரிக்கு,

வீடியோ அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்து பார். கட்டை விரல் போட்டால் உறவு அறுந்தது.

நீ போன பிறகு நான் செய்த முன்னேற்றத்தைப் பார்த்தாயா? அதே ஐந்து துணி காயப்போடும் கயிறுகள்தான், இசைத் தாளில் இருக்கும் ஐந்து கோடு மாதிரி மண்டபத் தரையில் அப்படியேதான் போடுகிறேன். கீழ்க் கயிறு டோ, அதற்கு மேல் இடைவெளி ரே, அடுத்த கயிறு மீ. ஆனால் நாம் இருவரும் நடத்தியபோது எந்தச் சுரத்தில் யார் நிற்பது என்று எவ்வளவு தள்ளுமுள்ளு! இப்போது ஆளுக்கு ஓர் இடம். லோஷினி எப்போதும் மீ. யுகேந்திரன் சோ. அபிகெயில் டோ, உடம்பு தேறி வந்துவிட்டாள். பாட்டில் மீ வரும் இடத்துக்கெல்லாம் லோஷினி ஓடி ஓடி நிற்பாள். மிச்சம் பேர் சுவரோரம் நின்று இடமிருந்து வலமாக வாசித்துப் பாடுவார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தாடிகாவில் பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த அனுபவம் வீண் போகுமா?

என்ன வேகம் பார்த்தாயா? போன வாரம் நான் போட்ட புதுப் பாட்டை ஒரே தடவையில் பாடிவிட்டார்கள். லோஷினியின் அப்பா மணியம் அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். ரெங்கத்தில் லாரி ஓட்டுகிறவர்களில் அவரைப் போல் சிரிக்காத ஆள் கிடையாது. அவரே சிரித்தார்.

மரியநாதன் அங்கிள் கொடுக்கும் டீயை இந்த முறை நான் நிதானமாகக் குடிக்கப் போகிறேன்.

பெருமையில் மிதக்கும்
பேட்ரிசியா


யீஷூன்
4 மார்ச் 2025

என் அன்பு பேட்ரிசியாவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் நீ கோபப்படுவாய், அதனால் நேராகவே சொல்கிறேன்.

வீடியோவில் நடுப்பகுதியைத் திரும்பப் போட்டுப் பார். லோஷினி ஓடி வந்து கால் தவறி நடுக் கயிற்றில் நின்றுவிடுகிறாள். அது சோ. ஆனால் சுவரோரம் நிற்கும் அத்தனை பேரும் மீ பாடுகிறார்கள். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. நீயும் கை தட்டுகிறாய்.

அவர்கள் கயிற்றைப் பார்க்கவில்லை, பேட்ரிசியா. முகத்தைப் பார்க்கிறார்கள். லோஷினி முகம் தெரிந்தால் மீ, யுகேந்திரன் முகம் தெரிந்தால் சோ. நம் பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி அதிகம், அதுதான் வினை. விழாவில் திரையில் கறுப்புப் புள்ளிகள்தான் இருக்கும்.

தூரத்தில் இருந்துகொண்டு குறை சொல்கிறாள் என்று நினைக்காதே. ஒரு தாளை மட்டும் கொடுத்துப் பாடச் சொல்லிப் பார். நான் தப்பாக இருந்தால் சந்தோஷம்.

உன்
கஸ்தூரி


ரெங்கம்
16 மார்ச் 2025

கஸ்தூரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு எங்கள் கயிற்றைப் பற்றிப் பேச இவள் யார் என்று சட்டியிடமும் கரண்டியிடமும் கேட்டேன். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பிறகு சனிக்கிழமை ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்தேன். மாதாவே! ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. யுகேந்திரன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல யாரு யாரு நிக்கிறா?" என்று கேட்டான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆளுக்கு ஓர் இடம் கொடுத்தது நான். தள்ளுமுள்ளு வேண்டாம் என்று நான் பார்த்த வேலை. வரிசையில் நிற்க வைக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

சரி, அழுதால் ஆகுமா? ஆட்களை எடுத்துவிட்டு வாசலில் கிடந்த அவர்களுடைய சிலிப்பர்களைக் கயிற்றில் வைத்தேன். எவ்வளவு புத்திசாலி பார் நான். எந்தச் சிலிப்பர் யாருடையது என்று அத்தனை பேருக்கும் அத்துப்படி! லோஷினியின் ரோஸ் சிலிப்பரை எந்தக் கயிற்றில் வைத்தாலும் மீ, மீ என்று பாடுகிறார்கள். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் சந்தையில் ஒரு பை நிறைய லீமாவ் கஸ்தூரி வாங்கி வந்தேன். உன் பேர் வைத்த எலுமிச்சைதான், உன்னைப் போலவே சின்னது, புளிப்பு. ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. அதைக் கயிற்றில் வைத்தேன். இப்போது கயிற்றைப் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. குழந்தை நடை பழகுவது மாதிரி ஒவ்வொரு சுரமாகப் பிடித்துப் பிடித்துப் போகிறார்கள். முன்பு பறந்தவர்கள் இப்போது தவழ்கிறார்கள். யாராவது ஒரு சுரத்தைத் தப்பாகப் பாடினால் அந்தப் பழம் எனக்கு. இந்த வாரம் வீட்டில் தினமும் எலுமிச்சைத் தண்ணீர்தான்.

மணியம் அண்ணன் மறுபடியும் வந்து பார்த்தார். "என்னா டீச்சர், போன மாசம் நல்லா பாடுனாங்க?" என்றார். கையில் ஒரு எலுமிச்சையைக் கொடுத்து அனுப்பினேன்.

நீ சொன்னது சரி. அதைச் சொன்னதற்காக உன் மேல் இன்னும் கோபம்தான். ஆனால் வேறு யார் சொல்லியிருப்பார்கள்? ஒரே ஒரு சனிக்கிழமை வந்துவிட்டுப் போயேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

பேட்ரிசியா


யீஷூன்
2 ஏப்ரல் 2025

என் அன்பு பேட்ரிசியாவுக்கு,

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு வரலாம் என்று கிளம்பினேன். ஜொகூர் எல்லைப் பாலத்தில் நெரிசல், பஸ் நகரவே இல்லை. பாதியில் திரும்பிவிட்டேன். இது சாக்கு என்று நீ சொல்வாய். பாதி சாக்குதான். உன் முகத்தைப் பார்த்தால் என்னால் திரும்பி வர முடியாது என்று பயம். இங்கே என்னை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

எலுமிச்சை நல்ல யோசனை. ஆனால் விழாவுக்கு முன் அது போதாது. இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டு எழுதி வைத்திருக்கிறேன், தாளக் கோடு போட்டுப் பிரித்த எட்டுக் கட்டம். இதை வைத்து 'அழிக்கிற விளையாட்டு' விளையாடு. பலகையில் எட்டுக் கட்டத்தையும் எழுதிப் பாட வை. பிறகு ஒரு கட்டத்தை அழி, அழிந்ததையும் சேர்த்துப் பாட வேண்டும். அடுத்த தடவை இன்னொன்று. கடைசியில் பலகை வெறுமையாக இருக்க, அவர்கள் முழுவதும் பாட வேண்டும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

இந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போடு. வேறு எதையும் எடுக்காதே. ஒரு சுரத்தைக்கூட மாற்றாதே. தயவுசெய்து, பேட்ரிசியா, நான் சொல்வதைக் கேள்.

விழா அன்று என்னால் வர முடியாது. வேலை இருக்கிறது. மனசு அங்கேதான் இருக்கும்.

உன்
கஸ்தூரி


ரெங்கம்
11 மே 2025

கஸ்தூரிக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். எழுதி முடிக்கிற வரைக்கும் உட்கார முடியுமா தெரியவில்லை, சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் முறை வந்தது. பிள்ளைகளை மேடையில் ஏற்றினேன். நான் முன்னால் நின்றேன், திரை என் முதுகுக்குப் பின்னால் மேலே. பாட்டைப் போட்டார்கள். ஒரு நிமிஷ அமைதி. நான் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை, பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எல்லாருக்கும் பயம். பிறகு அபிகெயில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யுகேந்திரன் அவளை இடித்தான். அந்தச் சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பியானோவில் டோ கொடுத்தார்கள். பாடினார்கள். அலமாக், என்ன பாட்டு! இத்தனை வருஷத்தில் அவர்கள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. சபையில் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்வது எனக்கு முதுகில் தெரிந்தது. ஆனால் ஒரு பிள்ளைகூடத் திரையைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் என் மேல்தான் இருந்தது. அப்போதுதான் காதில் விழுந்தது. நீ அனுப்பிய பாட்டு. சுரத்துக்குச் சுரம் அதே பாட்டு.

கையைத் தூக்கி நிறுத்தினேன்.

அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும். தாங்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்கள். நான் நடுவர்கள் மேசைக்குப் போய், பிள்ளைகள் காதில் விழாமல், இந்தப் பாட்டை எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே பாடியிருக்கிறார்கள், வேறு ஒன்று கொடுங்கள் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நான் சொல்லிக் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். உன் பேரைச் சொல்லவில்லை. அதற்காக எனக்கு நன்றி சொல்லாதே.

வேறு பாட்டைப் போட்டார்கள். நான்கு கட்டம் படித்தார்கள், கஸ்தூரி. முன்பின் பார்க்காத பாட்டு. லோஷினி முன்னால் பிடித்துக்கொண்டு போனாள், மற்றவர்கள் பின்னால் போனார்கள். ஐந்தாவது கட்டத்தில் கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு ஒரு பெரிய தாவல் வந்தது, அங்கே சிதறிவிட்டார்கள். அபிகெயில் மேடையிலேயே அழுதாள். இடம் எதுவும் கிடைக்கவில்லை.

கீழே இறங்கியதும் மணியம் அண்ணன் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "நல்லா பாடிக்கிட்டு இருந்த புள்ளைங்க வாய அடைச்சிட்டீங்களே டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டு லோஷினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று பூசை முடிந்ததும் மரியநாதன் அங்கிள் ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார். ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமை மண்டபம் தங்கராஜு சாருக்கு.

விழாவுக்கு அந்தப் பாட்டை எழுதிக் கொடுத்தது நீதான். இல்லாவிட்டால் அது உன்னிடம் எப்படி வந்தது? மண்டபம் போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கயிற்றை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம். விளையாட்டையெல்லாம் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் யோசித்தோம். ஊரே கேலி செய்தபோது, இந்தப் பிள்ளைகளும் படித்துப் பாடும் என்று சொன்னவள் நீ. நீயே அவர்களை நம்பவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேட்ரிசியா


யீஷூன்
19 மே 2025

பேட்ரிசியா,

ஆமாம், நான்தான்.

மார்ச் மாதம் விழாக்காரர்கள் எங்கள் நிலையத்திடம் பாட்டு கேட்டார்கள். நிலையத்தில் என்னை எழுதச் சொன்னார்கள். ஜொகூர்ப் பெண் தானே, எழுதட்டும் என்று. எழுதி முடித்து அனுப்பிய அதே வாரம்தான் உன் சிலிப்பர்க் கடிதம் வந்தது. நான் சிரிக்கவில்லை. நாலு வருஷம் கூட இருந்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள் நான். நான் அங்கே இருந்திருந்தால் ஆளுக்கு ஓர் இடம் என்பதை முதல் வாரமே நிறுத்தியிருப்பேன். வகுப்பு என்னால் மூடப்படுகிறது என்று தோன்றியது. அந்தப் பாட்டை உனக்கு அனுப்புவது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது என்று நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

நம்பவில்லை என்று எழுதினாய். உண்மைதான். இங்கே தினமும் கண்ணாடிக்குள் படித்துப் பாடுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, நாம் செய்ததெல்லாம் வெறும் விளையாட்டுத்தான் என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்துவிட்டது. நான்கு கட்டம் படித்தார்கள் என்று நீ எழுதிய வரியைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. இங்கே ஒரு பிள்ளையும் மேடையில் சிதறிவிட்டு நின்றதில்லை, நிற்க விடுவதும் இல்லை.

விழாக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். நிலையத்திலும் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷப் பேச்சு நின்றுவிட்டது, இந்த வருஷமாவது முடிக்க விடுவார்களா என்று இன்னும் தெரியவில்லை. மரியநாதன் அங்கிளுக்கு வேண்டுமானாலும் எழுதுகிறேன், தப்பு என்னுடையது என்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளிடம் மட்டும் சொல்லாதே. லோஷினி என்னைப் பற்றி அப்படி நினைப்பதை என்னால் தாங்க முடியாது.

கஸ்தூரி


ரெங்கம்
15 ஜூன் 2025

கஸ்தூரிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

வகுப்பு நிற்கவில்லை. மணியம் அண்ணன் வீட்டுக் கார் போர்ச்சில் நடக்கிறது. அவரே வந்து கேட்டார், நான் கேட்கவில்லை. லோஷினி வீட்டில் எலுமிச்சையைத் தரையில் வைத்துத் தனியாகப் பாடிக்கொண்டே இருக்கிறாளாம். "வீட்டுல லாரி எடுக்கவே வழி இல்ல டீச்சர், எல்லா எடத்துலயும் பழம்," என்றார். சனிக்கிழமை காலை லாரியை வெளியே நிறுத்துகிறார். நாங்கள் உள்ளே கயிறு போடுகிறோம். பிள்ளைகள் முன்பை விடக் குறைவு, சில பேர் தங்கராஜு சாரிடம் கணக்குக்குப் போய்விட்டார்கள்.

விழாவுக்குப் பிறகு மே மாதம் வகுப்பு வைக்க எனக்கு மனம் வரவில்லை. போர்ச்சில் முதல் சனிக்கிழமை ஒருவரும் சரியாகப் பாடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் கையைத் தூக்கியது ஏன் என்று யாருக்கும் தெரியாது அல்லவா? டீச்சருக்கு நம் மேல் என்ன கோபம் என்று அவர்கள் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்கு மேல் நான் எதை மறைப்பது? சொல்லிவிட்டேன். நீ கேட்டுக்கொண்டதைக் கேட்கவில்லை. கஸ்தூரி டீச்சர்தான் அந்தப் பாட்டை விழாவுக்கு எழுதினார், அதையே நமக்கும் அனுப்பினார், அதனால்தான் நிறுத்தினேன் என்றேன்.

பிறகு லோஷினி கேட்டாள். "நம்மளால முடியாதுன்னு நெனச்சாங்களா டீச்சர்?"

ஆமாம் என்றேன். அதோடு விட்டுவிடுவாள் என்று பார்த்தால், "நீங்க?" என்றாள்.

இந்தக் கேள்வி என்னிடம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை, கஸ்தூரி. நான்தான் மேடையில் கையைத் தூக்கிய உத்தமி, நான்தான் உனக்குக் கோபமாகக் கடிதம் எழுதியவள். ஆனால் அழிக்கிற விளையாட்டு மனப்பாடம் செய்வதற்கு ஆனது, படித்துப் பாடுவதற்கு ஆனது இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஒரு சுரத்தைக்கூட மாற்றாதே என்று நீ கெஞ்சியபோது, எதற்கு இப்படிக் கெஞ்சுகிறாள் என்று எனக்குள் ஒன்று கேட்டது. வாரா வாரம் பலகையில் எழுதி எழுதி அழித்தேன். உன்னிடம் ஏன் என்று ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம்.

"நானும்தான்," என்றேன்.

யுகேந்திரன் தலை குனிந்துகொண்டான். அபிகெயில் மட்டும், "இப்ப?" என்றாள்.

வாயால் சொல்லி என்ன, யார் நம்புவார்கள்? பையில் ஒரு பாட்டு இருந்தது, அவர்கள் பார்க்காதது. அதைக் கார் போர்ச் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினேன். டோ மட்டும் கொடுத்தேன். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய், ரோட்டில் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர்களுக்கு என் முகம் தெரியாத இடம்.

பாட ஆரம்பிக்கவே வெகு நேரம் ஆனது. ஆரம்பித்து மூன்றாவது கட்டத்தில் தப்பினார்கள். என் கால் தானாக உள்ளே நகர்ந்தது. லாரியின் பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரே வாக்குவாதம், அது ஃபா, இல்லை சோ, தாளில் கயிற்றை எண்ணிப் பாரு என்று. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை மூன்றாவது கட்டம் தாண்டியது. வேறு ஓர் இடத்தில் தப்பினார்கள், அதையும் அவர்களே பிடித்தார்கள். நான் போகவில்லை. கடைசி டோவில் எல்லாரும் சேர்ந்து வந்து நின்றபோது ரோட்டில் போன ஒரு சீன ஆண்ட்டி என்னைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்று மலாயில் கேட்டாள். அவளிடம் எதைச் சொல்வது? அதை யாரிடம் சொன்னாலும் புரியாது. உனக்குத்தான் புரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் என்னிடம் கேட்காதே.

வகுப்பு காலை ஒன்பது மணிக்கு. மணியம் அண்ணன் வீடு உனக்குத் தெரியும். வந்தால் பிள்ளைகளிடம் பேசிவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து என் பக்கத்தில் நில்.

பேட்ரிசியா